சரிவுப் பாதைக்குச் சங்கிலி

"ஐயோ பாவம்" என்கிற வாயைக் கண்டாலே எழிலரசிக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய வலது காலை முழுசாகவும் இடது காலைப் பாதியாகவும் தின்றுவிட்டுப் போயிருந்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கச் சேர்ந்தபோது, தையல் மெஷினின் பெடலை இடப்பக்கம் மாற்றிக் கொடுத்தால் போதும் என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றார் சூப்பர்வைசர். அவர் யோசித்து முடிப்பதற்குள் மெக்கானிக்கைப் பிடித்து அவளே மாற்றிக்கொண்டாள்.

பெண் பார்க்க ஒருவன் வந்தான். "தியாகம் பண்ணலாம்னுதான் வந்துருக்கேன்" என்றான்.

"அப்படியா? காபியக் குடிச்சிட்டு வேற எங்கனா போய்ப் பண்ணு" என்று அனுப்பிவைத்தாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. நாற்பதைத் தாண்டிவிட்ட இப்போதும் அதில் அவளுக்கு வருத்தம் இல்லை. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரும் இரண்டு ஊன்றுகோலும் இருந்தன. போகவேண்டிய இடத்துக்குப் போய் வந்தாள். படி இல்லாத இடமாக இருந்தால்.

அப்படிப்பட்டவளைத்தான் ஆய்வுக்குக் கூப்பிட்டார்கள். பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு எந்த அளவுக்கு வசதியாக இருக்கின்றன என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் வந்திருந்தது. எந்த ஊர் என்று சொல்லவேண்டாம். வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே நெடுஞ்சாலையில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் அந்த ஊர் மாதிரிதான் இருக்கும். நிறுவனத்தின் சார்பில் கார்முகிலன் என்கிற இளைஞன் வெள்ளை ஷூவும் கையகலக் கணினியுமாக வந்தான். உள்ளூர்ப் பொறியாளர் ஜீப்பில் வந்தார். எழிலரசியோடு தோல் மண்டி ஒன்றில் டெலிபோன் பார்க்கிற ஷோயப்பையும் அழைத்திருந்தார்கள். ஷோயப்புக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை.

முதலில் பேருந்து நிலையம். பார்வையற்றவர்கள் காலால் தடவி நடக்கப் புள்ளி வைத்த மஞ்சள் ஓடுகளைப் பதித்திருந்தார்கள். ஷோயப் அதன்மேல் நம்பி நடந்தார். ஓடுகள் அவரை நேராக மின்கம்பத்தில் கொண்டுபோய் விட்டன.

"ஃபர்ஸ்ட் குவாலிட்டி டைல்ஸ் சார்" என்றார் பொறியாளர்.

"ஒத்துக்கறேன் சார். கம்பத்துக்கு வழி கரெக்டா காட்டுது" என்றார் ஷோயப், நெற்றியைத் தடவிக்கொண்டே.

எழிலரசி சிரிக்கவில்லை. காலையிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வெளியே கிளம்பும் நாட்களில் அதுதான் வழக்கம். குடித்தால் எங்கே போவது? சக்கர நாற்காலிப் படம் வரைந்த கழிவறை அங்கே இருக்கத்தான் செய்தது. பூட்டியிருந்தது. சாவியைத் தேடி எடுத்துத் திறந்தபோது உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் போன சுதந்திர தினத்துக் கொடிக்கம்பங்களும் இருந்தன.

"யூஸ் பண்றதுக்கு யாரும் வர்றதில்லம்மா. அதான்" என்றார் பொறியாளர்.

"மூட்டைங்க வந்துருக்குதே. அதுங்க யூஸ் பண்ணிக்கட்டும்" என்றாள்.

கார்முகிலன் அதைக் கணினியில் தட்டிக்கொண்டான். "சூப்பர் பாயிண்ட் மேடம்" என்று பாராட்டவும் செய்தான். தன் அவமானம் ஒருவனுக்குப் பாயிண்ட்டாகப் போனதைப் பார்த்தபோது அந்த வெள்ளை ஷூவை ஊன்றுகோலால் நசுக்கலாமா என்று அவளுக்குத் தோன்றியது.

கடைசியாக அரசு அலுவலகம். வாசலில் ஏழெட்டுப் படிகள். பக்கத்தில் புதிதாகக் கட்டிய சரிவுப் பாதை. இடம் போதவில்லை என்று அதை ஏணியைச் சாய்த்த மாதிரி நிறுத்தி, மேலே நீலப் பெயிண்ட் அடித்து வழவழவென்று வைத்திருந்தார்கள். கைப்பிடி கிடையாது. ஆடு ஏறும், ஆள் ஏற முடியாது.

"நானே ஒரு தடவ உக்காந்து பாக்கறேன். அனுபவிச்சாதானே மேடம் உங்க வலி புரியும்?" என்றான் கார்முகிலன்.

என் வலி உன்கிட்ட எப்போ சொன்னேன் என்று கேட்க நினைத்து, விட்டுவிட்டாள். அவன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தான். அலுவலக உதவியாளர் இருவர் மூச்சுவாங்க அவனை மேலே தள்ளினார்கள். பொறியாளர் போட்டோ எடுத்தார். "இறங்கறப்போ யாரும் பிடிக்காதீங்க" என்றான் அவன். யாரும் பிடிக்கவில்லை. நாற்காலி ஒரே ஓட்டமாக இறங்கி, பாதையின் அடியில் குறுக்கே நிறுத்தியிருந்த பொறியாளரின் ஜீப்பில் மோதியது. கணினி ஒருபக்கம், கார்முகிலன் ஒருபக்கம். கால் மடங்கிக் கிடந்தது.

எல்லோரும் ஓடினார்கள். எழிலரசி இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"அனுபவம் போதுமா சார்?" என்று மட்டும் கேட்டாள். அப்படிக் கேட்டதற்காக அன்றும் அவள் கூச்சப்படவில்லை, பிறகும் படவில்லை.

சில வாரம் கழித்து, செத்துப்போன அப்பாவின் பெயரில் இருந்த வீட்டு வரியைத் தன் பெயருக்கு மாற்ற அதே அலுவலகத்துக்குப் போனாள். ஷோயப்பும் பின்சீட்டில் வந்தார். சரிவுப் பாதையின் மேல்முனையில் குறுக்கே இரும்புச் சங்கிலி தொங்கியது, பூட்டோடு. 'பாதுகாப்பு கருதி மூடப்பட்டுள்ளது' என்று ஓர் அட்டை.

பொறியாளர் படியில் நின்றபடியே விளக்கினார். "நீங்கதானேம்மா டேஞ்சர்னு சொன்னீங்க? ஆக்‌ஷன் எடுத்துட்டோம். நீங்க இறங்கவே வேணாம். வெயில்ல கொஞ்சம் வண்டியிலயே இருங்க, ஆள் வந்து பேப்பர வாங்கிக்குவான்."

பிச்சை போடுகிறவன் முகத்தில் இருக்கும் தாராளம் அவர் முகத்தில் இருந்தது. எழிலரசி ஸ்கூட்டரைத் திருப்பிக் கொண்டுபோய்ப் படிகளின் அடியில், வாசலை அடைத்தமாதிரிக் குறுக்கே நிறுத்தினாள். சாவியை உருவி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

"இன்னாம்மா இது?"

"படியும் டேஞ்சர்தான் சார். போன வருஷம் ஒரு பெருசு வழுக்கி விழுந்துச்சாமே? அதான், பாதுகாப்பு கருதி மூடிட்டேன்."

முதலில் சிரித்தார்கள். பிறகு சத்தம் போட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரவேண்டியவர்கள் உள்ளேயும், சாப்பிட்டுத் திரும்பியவர்கள் வெளியேயும் மாட்டிக்கொண்டார்கள். சங்கிலியைத் தாண்டிக் குதித்த பொறியாளர் நீலப் பெயிண்டில் வழுக்கி, சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல்லிமாதிரி ஊர்ந்து இறங்கினார். ஷோயப்புக்கு எழிலரசி அதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த நேரத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அறிக்கையைக் கொடுக்க வந்த கார்முகிலன், கட்டுப்போட்ட காலோடு இறங்கினான். படியைப் பார்த்தான், சங்கிலியைப் பார்த்தான்.

"உள்ள எப்படி மேடம் போறது?"

"உள்ள எதுக்கு? நம்மள மாதிரி ஆளுங்ககிட்ட வெளியவே வாங்கிக்குவாங்க."

அவன் ஸ்கூட்டரின் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து நின்றான். வெயில் கொளுத்தியது. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, தானும் குடிக்காமல் உள்ளே வைத்துவிட்டான். எழிலரசி அதைக் கவனித்தாள். அதற்காக அவனை அவளுக்குப் பிடித்துவிடவில்லை. ஆனால் வண்டியின் பின்சீட்டிலிருந்து ஷோயப்பை இறங்கச் சொல்லிவிட்டு, கார்முகிலனைப் பார்த்து, "காலத் தொங்கப்போட்டு நிக்காத, உக்காரு" என்றாள்.

பெண் போலீஸ் ஒருவர் வந்து பார்த்தார். "யாரோ சாராயம் குடிச்சிட்டு கலாட்டான்னு போன் வந்துச்சு" என்று பொறியாளரை முறைத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் மேலதிகாரியே கீழே இறங்கி வந்தார். அறிக்கையை அங்கேயே ஸ்கூட்டரின் மேல் வைத்துப் படித்தார். "இந்தப் பாதைய இடிங்க" என்று ஒரே வரியில் முடித்தார். எழிலரசி சாவியை எடுத்தாள்.

மழைக்காலம் முடிந்தபிறகு புதுப் பாதை வந்தது. ஜீப் நிறுத்துகிற இடத்தையும் எடுத்துக்கொண்டு, நடுவில் ஒரு திருப்பத்தோடு, இருபக்கமும் கைப்பிடி வைத்துக் கட்டியிருந்தார்கள். திறப்புவிழா அன்று எழிலரசி ஏறி இறங்கிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இதைக் கட்டத் தெரிந்த ஆட்கள்தான் அந்தப் பழைய பாதையையும் கட்டினார்கள்.

பொறியாளர் மைக்கை நீட்டினார். "நன்றி சொல்லி ரெண்டு வார்த்தைம்மா."

"இன்னாத்துக்கு நன்றி? வாசல் வெச்சதுக்கா? நீங்க தெனம் உள்ள போறீங்களே, யாருக்கு நன்றி சொல்லிட்டுப் போறீங்க?"

கைதட்டத் தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கூட்டம் நின்றது. அவள் ஷோயப்பை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஷிப்ட்டுக்கு நேரமாகியிருந்தது.

"கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா பேசிருக்கலாம்க்கா" என்றார் ஷோயப், பின்னாலிருந்து.

"நீ பாத்தியா, நான் சிரிக்கலைன்னு?"

"அந்தக் குரலக் கேட்டா செவுடனுக்கும் தெரியும்க்கா."

லாரிகளுக்கு நடுவே வண்டியை விட்டவள், அப்போது சிரித்தாள்.