பிளாஸ்க் கேட்ட ஆள்

"…செத்த ஆளுக்கு எதுக்குத் தாயி பிளாஸ்க்கு? எடுத்தாரச் சொன்னாங்கன்னா ஆளு கெட்டியா இருக்காருன்னு அர்த்தம்" என்றார் அந்தப் பெரியம்மா. உறவில்லை. அரியலூரில் ஏறி, எங்கள் சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்.

அம்மா வெறும் பிளாஸ்க்கை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பெரம்பலூர் மண்டிக்கு வெங்காயம் கொண்டுபோன அப்பாவை லாரி தட்டிவிட்டதென்று சித்தப்பா போன் செய்திருந்தார். "பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல அண்ணி. லுங்கியும் பிளாஸ்க்கும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க." எங்கள் பக்கம் சாவை யாரும் போனில் சொல்வதில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் வரவழைப்பார்கள். அந்த 'ஒண்ணுமில்ல'தான் அம்மாவைத் தின்றுகொண்டிருந்தது.

முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. பஸ் நகர்வேனா என்றது. "என்ன பொழப்பு இது" என்று அம்மா முனகியது பெரியம்மா காதில் விழுந்துவிட்டது.

"அதைத்தான் தாயி எங்க வூட்டுக்காரரையும் கேட்டேன், மனுசன் எதுக்குப் பொறக்கறான்னு. மொதல்ல சோத்தப் போடு, சொல்றேன்னாரு. தின்னுட்டு, மறந்துபோச்சு, நாளைக்குக் கேளுன்னாரு. இன்னிக்கும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

நான் சிரித்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள். பேச்சை மாற்ற, அவர் பையில் இருந்த புதுப்புடவை யாருக்கு என்று கேட்டேன்.

"என் தங்கச்சிக்குத்தான், பாப்பா. கூடப் பொறந்த ஆம்பள இல்ல. பொறந்த வூட்டுப் புடவைய நான்தான எடுத்துட்டுப் போவணும்."

தங்கச்சி வீட்டில் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. சித்தப்பா. அம்மா அதையே வெறித்துப் பார்த்தாளே தவிர எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. பெரியம்மா வாங்கிக் காதில் வைத்தார். "கதையெல்லாம் வேணாம்ப்பா. ஆளப் பேசச் சொல்லு." லாரிச் சத்தத்தில் மறுகாதைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு போனை அம்மாவின் காதில் வைத்து அழுத்தினார்.

"இன்னும் எங்கடி இருக்க? ஒரு வாய் டீ கெடைக்கல இங்க."

அப்பா வைதது எனக்கே கேட்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"திட்டுறாரா? அப்ப நூறு வயசு" என்றார் பெரியம்மா.

பேரளி தாண்டி அவர் இறங்கும் நிறுத்தம் வந்தது. என் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கினார். லாரிகளுக்குப் பின்னால் பஸ் அப்படியே நின்றது. தெருமுனை வரை சாதாரணமாக நடந்தவர், அங்கே நின்று கொண்டையை அவிழ்த்துவிட்டார். இதுவும் ஏதோ வேடிக்கை என்று ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தேன். அவர் மாரில் அடித்துக்கொண்டு, தங்கச்சி பேரைச் சொல்லிக் கதறியபடி தெருவுக்குள் ஓடினார்.