வெளியில் பெண் கொடுக்கப் பார்த்தவள்

தாராவியில் பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் தைத்துப் பிழைக்கும் சங்கரேஸ்வரியை எங்கள் சால் குடியிருப்பில் திமிர் பிடித்தவள் என்பார்கள். கூடப்பிறந்த அண்ணன் மகனுக்குப் பெண் தர மாட்டேன் என்றவளை வேறெப்படிச் சொல்வார்கள்?

அவள் கட்டியதே தாய்மாமனை. முப்பத்தெட்டு வயதில் சயான் ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. பிறகு மகன், பத்து வயதில். இருவருக்கும் முழங்கையில் மஞ்சள் கட்டிகள் உண்டு. அந்தக் குடும்பத்தில் பலருக்கும் உண்டு. குலதெய்வம் வைத்த அடையாளம் என்று பெருமை வேறு.

மகன் செத்த விவரம் கேட்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். அவளிடமும் மகள் பூமாரியிடமும் ரத்தம் எடுத்துப்போனார்கள். ரத்தக் கொழுப்பைக் கழிக்கிற மரபணுவில் பழுது, அதனால் இதயக் குழாய் அடைக்கிறது, முழங்கைக் கட்டியும் அந்தக் கொழுப்புதான் என்றார் டாக்டரம்மா. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மாத்திரையில் அடக்கிவிடலாம். உங்களுக்கும் பூமாரிக்கும் அப்படித்தான். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வாங்கிய பிள்ளைக்குத்தான் சின்ன வயதிலேயே மாரடைப்பு. மகனுக்கு நடந்தது அதுதான்.

"பொண்ணைச் சொந்தத்துல மட்டும் குடுத்துடாதீங்க" என்றார்.

தானும் புருஷனும் சேர்ந்து பிள்ளைக்குக் கொடுத்தது இதுதானா என்று சங்கரேஸ்வரி அழுத அழுகையை நான் பார்த்தேன். அதன்பிறகுதான் அவளுக்கு அந்தத் 'திமிர்' வந்தது.

தேவ்நாரில் வரன் அமைந்தது. பையன் தமிழ்செல்வனைப் பூமாரிக்கும் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு முன்னால் அவன் அம்மா முத்துமாரியிடம் இவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மறைத்துக் கொடுக்க மனசு வரவில்லை. முத்துமாரி சாயாவைக் குடித்து முடித்து, "ஒங்களுக்கு நல்ல மனசு" என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் தாணே வரைக்கும் பரப்பினாள். சுகர் இல்லாத வீடு ஒன்று காட்டுங்கள், பார்ப்போம். அதற்கு வயசுக் கோளாறு என்று பெயர். இதற்கு மட்டும் வம்ச வியாதி!

இரண்டு வருஷம் பெண் கேட்டு ஒருவரும் வாசற்படி மிதிக்கவில்லை. அப்புறம் அண்ணன் சிவனாண்டி, மகன் ராஜசேகரைக் கூட்டிக்கொண்டு தாம்பூலத் தட்டோடு வந்தார்.

"இனிமே வெளிய எவன் வருவான்? நம்ம பிள்ளைய நாமதான் பாத்துக்கிடணும்."

"ராஜசேகருக்கும் ரத்தம் பாக்கட்டும் அண்ணே. ஒண்ணுமில்லன்னு வந்தா நாளைக்கே தாரேன்."

"பாத்து, அவன் பேரும் நாறணுமா?"

மாப்பிள்ளை ராஜசேகர் முழுக்கைச் சட்டையின் கைப் பட்டனைப் போட்டுக்கொண்டான். மறைத்து என்ன, அவன் முழங்கையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அவள்.

"நான் மாட்டேன்னு சொல்லிருதேன்" என்று அடுப்படிக்குப் போய் மகளிடம் சொன்னாள்.

"வேண்டாம், சரின்னு சொல்லு" என்றாள் பூமாரி. "அன்னைக்கு நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா, இந்நேரம் நான் தேவ்நார்ல இருந்திருப்பேம்மா."

சங்கரேஸ்வரி வெளியே வந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.