தொடாத வரிசை

என் அம்மாவின் வேலையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாற்றுப் பண்ணையின் கண்ணாடிக் கூடத்தில் தக்காளி நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் தடவிக்கொடுப்பாள். வரிசைக்கு இருபது தரம், காலையும் மாலையும். பத்தொன்பது வருஷமாக அதுதான் பிழைப்பு. கை பட்டால் நாற்றின் செல்கள் காற்றடிக்கிறது என்று எடுத்துக்கொண்டு நீள்வதைக் குறைத்துக்கொள்ளும். தண்டு குட்டையாகத் தடித்துப்போகும், லாரியில் ஏற்றினாலும் ஒடியாது. "என் தலையையும் இப்படித் தடவித்தான் குள்ளச்சி ஆக்கிட்டே" என்று நான் வம்புக்கிழுப்பேன். சிரிப்பாள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு வரிசையை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது நெடுநெடுவென்று வளர வேண்டும். இந்த முறை அதுவும் குட்டையாகவே நின்றது. கூடத்துச் சாவி அம்மாவிடம் மட்டும்தான். இன்னொரு தரம் இப்படி ஆனால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் எவன் என்று பார்த்துவிடுகிறேன் என்றாள். புது நாற்று வைத்ததும், காலையில் கையுறை போட்டுக்கொண்டு, தொடாத வரிசையின் மேல் நீலப் பொடியைச் சலித்துத் தூவினாள். தொட்டவன் கை காட்டிக்கொடுத்துவிடும். அன்று முழுக்க அந்தப் பக்கமே போகவில்லையாம்.

சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள். பிறகு நான் என் தலையை வாரினேன். சீப்பின் பற்களில் நீலம்.

"அம்மா, இப்ப என் தலையத் தொட்டியா?"

"இல்லையே. டீ ஆத்திக்கிட்டுல்ல இருந்தேன்."

அவள் வலது கையைப் பிரித்து விளக்கடியில் பிடித்தேன். தக்காளி இலைக் கறையில் எப்போதும் கரும்பச்சையாக இருக்கும் கை அது. அதன் ரேகைகளுக்குள் நீலம் படிந்திருந்தது. அம்மா அதை யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தாள்.

"நான் தொடலடி" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

மறுநாள் அவளே போய் சூப்பர்வைசரிடம் கையை நீட்டினாள். பத்தொன்பது வருஷம் அன்றோடு முடிந்தது.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். பயமாக இருக்கிறதென்று என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். எனக்கும் பயம்தான். அவள் அயர்ந்ததும் அந்த விரல்கள் என் உள்ளங்கையில் மெல்லத் தடவ ஆரம்பிக்கும். நான் எண்ணுவேன். இருபதில் நின்றுவிடும்.