பன்னிரண்டு கட்டு அரைக்கீரை

சுண்ணாம்புக்குளத்தில் என் வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி அரைக்கீரை போட்டிருந்தேன். பாய்ச்சியது ஏரியில் போய்க் கலக்கும் கால்வாய்த் தண்ணீர். மருந்தடிக்காத கீரை என்று மூன்று வருஷமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஏரியில் இறால் தடவுகிறவள். பனையோலைப் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்பாள். வாரத்தில் நான்கு நாள் அவள் ஒரு கை இறால் தருவாள், நான் ஒரு கட்டு கீரை கொடுப்பேன்.

ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் என் கீரை, மண், தண்ணீர் மூன்றையும், அவளுடைய இறாலையும் சோதனைக்கு எடுத்துப்போனார்கள். நாற்பத்தோராம் நாள் எனக்குத் தபாலில் முடிவு வந்தது. மூன்றிலும் ஈயம், கீரையில் காட்மியமும். அனுமதித்த அளவுக்கு மேல். அதைக் கால்வாயில் எவன் விட்டான் என்பது மட்டும் அந்தத் தாளில் இல்லை. இரண்டு முறை படித்து, மடித்து, மின்சார அட்டைக்குள் வைத்தேன். அன்றிலிருந்து நான் கீரை தின்னவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

மூன்றாம் நாள் அவள் தனக்கு வந்த சீட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு அப்போது ஏழு மாதம். இறாலில் ஈயம் இருக்கிறது, கர்ப்பிணிகள் தின்னக் கூடாது என்று படித்துச் சொன்னேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள்.

"அப்போ பொண்ணுக்கு இனிமே எறா வாணாம் நைனா. தெனம் ரெண்டு கட்டு கீரையா குடு. உன்னுதுதான் மருந்து இல்லாதது."

கொடுத்தேன். ஆறு நாள், நாளுக்கு இரண்டு, பன்னிரண்டு கட்டு. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு காலையும் அறுத்தேன்.

ஏழாம் நாள் மத்தியானம் என் தாளை எடுத்துப்போய் அவளிடம் சொன்னேன். எப்போது வந்தது என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

"என் சீட்ட படிச்சப்போ இது உன் ஊட்ல இருந்துச்சா?"

இருந்தது என்றேன்.

"இத்தினி நாளா நீ துன்னியா?"

இல்லை என்றேன்.

அவள் உள்ளே போய், மகள் தட்டிலிருந்த கீரையை வழித்து எடுத்து வந்து என் பாத்தியிலேயே கொட்டினாள். பிறகு என்னோடு பேசவில்லை.

பெண் குழந்தை பிறந்தது என்பது எனக்குக் கடைத்தெருவில்தான் தெரிந்தது. எடை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.