உள்ளங்கையில் வேர்வை

எனக்கு உள்ளங்கை வேர்க்கும். வெயிலும் வேண்டாம், ஓடியாடவும் வேண்டாம். மார்கழிக் காலையில் பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து போனாலும், சுசீந்திரம் வருவதற்குள் கம்பியைப் பிடித்த கை வழுக்கும். நாகர்கோவிலில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேரும்வரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேர்ந்த பிறகு சாக்பீஸைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பிடித்த கொஞ்ச நேரத்தில் அது மாவுபோலக் குழைந்துவிடும்.

இதற்கு எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றுதான். பயம்.

அம்மா படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, கையை அதில் முக்கி வைக்கச் சொல்வாள்.

"ஏட்டி, ஒனக்கு என்னத்துக்கு இம்புட்டு பேடி? சின்னப் பிள்ளையளைக் கண்டா யாராவது பேடிப்பாவளா?"

"பயமில்லம்மா. வேர்க்கு, அவ்வளவுதான்."

"பயமில்லாம எப்படி வேர்க்கும்?"

எங்கள் ஊரான கொட்டாரத்தில் வைத்தியர் ஒரு தைலம் கொடுத்தார். எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து கை முன்னைவிட வழுக்கியது. ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீக்கு ஒண்ணுமில்லம்மா, தைரியமா இரு" என்றார். தைரியத்துக்கு என்ன குறை வந்தது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்காமல் வந்துவிட்டேன்.

பயிற்சி முடியும் சமயத்தில் ஒவ்வொருவரும் அதிகாரியின் முன்னால் ஒரு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம் அது. அதிகாரி திருவனந்தபுரத்திலிருந்து வருவார். எனக்கு விழுந்த பாடம் 'தோல்'. உடன் படித்த தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாடத்துக்குக் கரும்பலகை நிறையப் படம் வரைய வேண்டும். மேல்தோல், உள்தோல், மயிர்க்கால், அதை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பி, எல்லாவற்றுக்கும் அடியில் நூல்கண்டுபோலச் சுருண்டு கிடக்கும் வேர்வைச் சுரப்பி.

மயிர்க்கால்வரை ஒழுங்காக வந்தது. வேர்வைச் சுரப்பிக்கு வந்தபோது சாக்பீஸ் கையிலேயே நசுங்கியது. வேறொன்றை எடுத்தேன். அதுவும் போயிற்று. பலகையில் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தீற்றல்தான் இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எந்தா, பயமா?" என்று பின்வரிசையிலிருந்து அதிகாரி கேட்டார்.

"இல்ல சார். எனக்குக் கை வேர்க்கும்."

"பயந்தால் வேர்க்கும்."

உடம்பின் சூட்டைத் தணிக்கத்தான் வேர்வை என்று அப்போதுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்திருந்தேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பாடத்தில் நான் தேறவில்லை.

அடுத்த முறையும் அதே அதிகாரி, அதே பாடம். இம்முறை சாக்பீஸைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். முன்வரிசைப் பெண்ணின் சிலேட்டை வாங்கி, என் உள்ளங்கையை அதில் அழுத்தி எடுத்தேன். ரேகை ரேகையாகக் கை முழுவதும் ஈரத்தில் பதிந்திருந்தது.

"இந்த ரேகை வரம்பு மேலதான் வேர்வைத் துளை இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. இப்ப பாருங்க, ஈரம் காயும். காயும்போது சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போவும்."

ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கி மறைவதைப் பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். "டீச்சர், என் சிலேட்டுல, என் சிலேட்டுல" என்று ஒரே கூச்சல். தங்கள் கைகளையும் அழுத்திப் பார்த்தார்கள். அவ்வளவு தெளிவாக யாருக்கும் பதியவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக என் கையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

அதிகாரி எழுந்து வந்தார். "படம் எவிடே? பலகையில் ஒண்ணும் வரைச்சில்லல்லோ?"

"சார், இதுதானே படம்? எல்லாருக்கும் விளங்கிச்சே."

"பலகையில் படம் வேணம்" என்றார். அந்த முறையும் தேறவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது பக்கத்தில் இருந்தவள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

தோழிதான் ஒரு வழி செய்தாள். மெல்லிய மூங்கில் குழல் ஒன்றை வெட்டி, சாக்பீஸை அதற்குள் செருகிக் கொடுத்தாள். மூன்றாம் முறை குழலைப் பிடித்துப் படம் முழுவதையும் வரைந்தேன். சுருள் சுருளாக வேர்வைச் சுரப்பி அழகாக வந்தது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அதிகாரி, "இப்போள் பயம் போயி, அல்லே?" என்று சிரித்தார். மூங்கில் நனைந்து கறுத்திருந்தது. "ஆமா சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

வேலை கொட்டாரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. சேர்ந்த அன்றே தலைமையாசிரியை, தையல் டீச்சர் லீவு என்று அந்த வகுப்பையும் என்னிடமே தந்தார். ஊசி விரலில் நிற்கவே இல்லை. ஒரு வாரத்துக்குள் பெட்டியிலிருந்த ஊசிகள் பாதி துருவேறிவிட்டன. "கையைத் துடைச்சிக்கிட்டுத் தொடப்படாதா?" என்று அவர் கேட்டார். துடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.