கண்ணை மூடிக் காட்டியவள்

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. வருடத்தில் ஒரு வாரம் மட்டும் லீவு போட்டுவிட்டு, ஊர் மைதானத்தில் நடக்கும் தொழில்முறை டென்னிஸ் போட்டிக்கு லைன் நடுவராகப் போவாள். நீல நிற ஹார்ட் கோர்ட் அனலடிக்கும். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து ஒரே ஒரு வெள்ளைக் கோட்டைப் பார்க்க வேண்டும். பந்து வெளியே விழுந்தால் கையை நீட்டி 'அவுட்' என்று கத்த வேண்டும். உள்ளே விழுந்தால் உள்ளங்கைகளைத் தரையை நோக்கித் தாழ்த்த வேண்டும்.

மூன்றாவது சைகை ஒன்று உண்டு. ஆட்டக்காரர் குறுக்கே வந்து மறைத்துவிட்டால், இரு கைகளாலும் கண்ணை மூடிக் காட்ட வேண்டும். நான் பார்க்கவில்லை என்று அர்த்தம். விதியில் இருக்கிறதே தவிர, பெரிய ஆட்டங்களில் அதைக் காட்ட எல்லோருக்கும் தயக்கம். காட்டியவரை அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள் என்று ஒரு பேச்சு.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னை இப்படி உத்துப் பாத்திருந்தா தப்பிச்சிருப்பா" என்பார் மாமா.

"குறுக்கே எங்கப்பா நின்னுட்டாருங்க, தெரியல" என்பாள் அக்கா.

பல வருடம் ஓரத்துக் கோர்ட்டுகளில் நின்ற பிறகு அவளுக்கு இறுதிப் போட்டி கிடைத்தது. அப்போது கேமராத் தீர்ப்பு வரவில்லை. நடப்பு சாம்பியனுக்குப் பட்டம் ஒரு பாயிண்ட் தூரத்தில் இருந்தது. அவர் அடித்த பந்து அக்காவின் கோட்டருகே விழுந்தது. எதிராளி அதை எட்டிப் பிடிக்கக் குறுக்கே பாய்ந்தார். பந்து அவரைத் தாண்டிப் போய்விட்டது. சாம்பியன் அதற்குள் மட்டையை வீசி எறிந்து கொண்டாடத் தொடங்கிவிட்டார்.

அக்கா கண்களை மூடிக் காட்டினாள்.

கூட்டம் ஊளையிட்டது. நானும் மாமாவும் தலையைக் குனிந்துகொண்டோம். உயர நாற்காலியில் இருந்த நடுவருக்கும் பந்து தெரியவில்லை. பாயிண்ட் மறுபடி ஆடப்பட்டது. சாம்பியன் அதை இழந்தார், பிறகு ஆட்டத்தையும் இழந்தார். கோப்பை புதியவர் கைக்குப் போயிற்று.

லைன் நடுவர்களின் பொறுப்பாளர் கொதித்துப் போயிருந்தார். "ஏதாவது ஒண்ணு சொல்லியிருக்கலாமேம்மா. பாதிக்குப் பாதி சரியா இருந்திருக்கும்!"

"பாதிக்குப் பாதி தப்பாவும் இருந்திருக்கும் சார்" என்றாள் அக்கா, தொப்பியால் விசிறிக்கொண்டே.

இனி அவ்வளவுதான் என்று நினைத்தோம். அவளோ அடுத்த வருடத்துக்கும் லீவு எழுதிக் கொடுத்தாள். பொறுப்பாளரே தொலைபேசியில் கூப்பிட்டார். "அதே கோட்டுக்கு வாங்க. தோத்தவரே சொல்லிட்டாரு, அந்தம்மா 'அவுட்'னு கத்தினா நான் எதிர்த்துப் பேச மாட்டேன்னு."

வீட்டில் அந்தச் சைகை நிலைத்துவிட்டது. "என் கண்ணாடியை எங்க வெச்சேன்?" என்று மாமா கேட்டால், அடுப்பைப் பார்த்தபடியே நின்று கண்ணை மூடிக் காட்டுவாள்.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டாள்: "நான் வீட்டுக்கு வந்துடுவேனாடா?"

டாக்டருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? வருவாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் அது செல்லாது. இரண்டு கைகளாலும் கண்களை மூடிக்கொண்டேன்.

கட்டில் குலுங்கச் சிரித்தாள். "கையை இறக்குடா. அப்போ மறுபடி ஆடுவோம்."

இன்னும் ஒன்பது நாள் ஆடினாள்.