விளக்குக்கு மட்டும்

கலாவின் காலைப் புண்ணாக்கியது நான்தான். அவளுடைய வியர்வையும் அல்ல, வெயிலும் அல்ல. நான்!

உங்களிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் பாரம் இறங்கவில்லை... ஒளித்து ஒளித்தே களைத்துப்போனேன்.

கிளிநொச்சியில், என் வீட்டுக் குசினியில், இலுப்பெண்ணெயையும் தேன்மெழுகையும் உருக்கித் தோலுக்குப் பூசும் களிம்பு செய்து விற்பவள் நான். வறண்ட கைக்கும் வெடித்த குதிகாலுக்கும் நல்லது. ஒவ்வொரு தகரப் பேணியிலும் 'கலப்பற்ற இலுப்பெண்ணெய்' என்ற சீட்டை என் கையாலேயே ஒட்டுவேன்.

கண்டாவளையில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்த கலா அதை வேறொன்றுக்காக வாங்கினாள். வலது முழங்காலுக்குக் கீழே அவளுக்குப் பொய்க்கால். பின்னேரம் அதைக் கழற்றி வைத்துவிட்டு, உரசிச் சிவந்த தோலில் என் களிம்பைத் தடவுவாள்.

ஒரு வருடம் இலுப்பை சரியாகக் காய்க்கவில்லை. அந்த வருடம் பார்த்துத்தான் கொழும்புக் கடை ஒன்று முதன்முதலாக என் களிம்பைக் கேட்டது. இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. கோயில் விளக்குக்கென்று கடையில் விற்கும் இலுப்பெண்ணெயை வாங்கினேன். போத்தலில் தெளிவாகவே எழுதியிருந்தது, விளக்குக்கு மட்டும் என்று. வாசித்தேன்... சாமிக்கு எரிப்பது கெட்டதாகவா இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அசல் இலுப்பெண்ணெயின் நாற்றத்துக்கு மூக்கைச் சுளிக்க வேண்டும். இதுவோ கமகமவென்று மணத்தது! எதையோ கலந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்.

அதில் செய்த களிம்பை வாங்கிப்போன இரண்டு கிழமையில் கலா ஊன்றுகோலோடு வந்தாள். தோல் தடித்து நீர் கசிந்தது. களிம்பின் மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"வெயிலுக்குத்தான் போல அக்கா. இன்னும் கொஞ்சம் கூடப் பூசட்டோ?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அலுமாரியைத் திறந்து, அதே எண்ணெயில் செய்த இன்னொரு பேணியை எடுத்து நீட்டினேன்.

"ஓம், பூசுங்கோ."

முதலாவதைத் தவறு என்று நீங்கள் சொல்லக்கூடும். இரண்டாவதை என்னவென்று சொல்வீர்கள்?

எதையும் பூசவே வேண்டாம் என்று வைத்தியசாலையில் சொன்ன பிறகுதான் புண் ஆறியது. அதற்குள் மூன்று மாதம் பொய்க்காலைப் போட முடியாமல் வீட்டோடு கிடந்தாள். முன்பள்ளிக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். கலாவுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவேயில்லை.

மிச்சப் பேணிகளை வீட்டு வளவில் புதைத்தேன். கொழும்புக்குப் போனவற்றை நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டேன். இப்போது அசல் எண்ணெய்தான், சத்தியமாக! அதனால் யாருக்கு என்ன?

போன கிழமை கலா கைக்குப் பூசக் களிம்பு வாங்க வந்தாள். பேணியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"அந்தமுறை தந்தது எவ்வளவு நல்ல வாசம் அக்கா. அதில ஒண்டு இருந்தாத் தாங்கோவன்."

இனி அது வராது என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும்... சொல்லியிருக்க மாட்டேன்.